வண்டிப்பேட்டைச் சுவரில் பாதி எழுத்து

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் முன்பு வேலை பார்த்த அச்சுக்கூடத்தின் இப்போதைய மேஸ்திரி கோமதிநாயகம் என் வீட்டுக்கு வந்தார். சென்னையிலிருந்து வந்த எழுத்து மாதிரித் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாக் கோடும் ஒரே கனத்தில் ஓடும் தமிழ் எழுத்து. தாளின் தலைப்பில் 'முற்றிலும் புதிய எழுத்து' என்று போட்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்த மாதிரி எழுத்த இதுக்கு முன்ன பாத்திருக்கியளா?" என்று கேட்டார்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரியில் இருந்த 'ஞ' என்ற எழுத்தைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த ஞ-வுக்குத் தகப்பனார் யாருன்னு எனக்குத் தெரியும் வே" என்றேன்.

"அப்ப எழுதிக் குடுங்க. சென்னைல ஒருத்தருக்கும் தெரியாதுல்லா."

எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிறேன். வருஷத்துக்கு ஒரு புத்தகம் என்று அவை அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ஞாபகத்தை நம்பாமல் அவற்றைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருஷம் எழுத்துப் பெட்டியின் அறைகளை மனப்பாடம் செய்தேன். இரண்டாம் வருஷம் அச்சுக் கோத்தேன். மூன்றாம் வருஷம் பிரித்துப் போடக் கற்றேன். அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் திரும்ப அதனதன் அறையில் போடுவதுதான் பிரித்துப் போடுவது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஒவ்வொரு ஈயத் துண்டின் பக்கத்திலும் மெல்லிய காடி ஒன்று வெட்டியிருக்கும். அதை விரலால் தடவினால் எழுத்தின் தலை எது, கால் எது என்று தெரியும். எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதும் தெரியும். நான் பேசிக்கொண்டே பிரித்துப் போடுவேன். பெட்டியைக் குனிந்து பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு எழுத்து இடம் மாறி விழுந்ததில்லை. பதின்மூன்றாம் வருஷத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

உலகநாத ஆசாரி எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது, அவருக்கு இருபத்தெட்டு. அதற்கு முன் அவர் திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டிக்கொண்டிருந்தார். குடம், செம்பு, தாம்பாளம் எதுவானாலும் சிறிய உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி உரியவர் பெயரை எழுதித் தருகிற வேலை. எங்கள் முதலாளி சிவசைலம் பிள்ளை மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கப் போன இடத்தில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். எங்கள் அச்சுக்கூடத்திலேயே எழுத்து வார்க்கும் அறை உண்டு. அங்கே எழுத்து வெட்டிய எஃகு முளைகள் சில முனை முறிந்து கிடந்தன. அவற்றைச் சரிசெய்யத்தான் ஆசாரியைக் கூட்டிவந்தார். ஆறாவது மாதம் அந்த அறைக்கே ஆசாரி பொறுப்பாளர் ஆனார். அச்சுக் கோப்பதோடு முளைகளின் பதிவேட்டையும் நான் கவனித்துவந்ததால், என்னைவிட இளையவரான அவர் எனக்கு மேலாள் ஆனார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. முதல் வாரம் மட்டும் இருந்தது. நாட்குறிப்பில் இருப்பதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வந்த புதிதில் அவர் பழைய முளை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன வே இது, ஒரு கோடு தூண் மாதிரி இருக்கு, ஒரு கோடு தலமயிரு மாதிரி இருக்கு?"

"எழுத்துன்னா அப்படித்தான ஆசாரியாரே. அதுதான் அழகு."

"செம்புல பேரு வெட்டுனா பத்து வருஷம் சாம்பலப் போட்டுத் தேப்பாவ. எது மொதல்ல போகும்? இந்த மயிருதான் போகும். தூண் மட்டும் நிக்கும். தூண மட்டும் வச்சு எவன் பேரப் படிக்க?"

அவருடைய எழுத்துக்கு இதுதான் ஆரம்பம். எல்லாக் கோட்டுக்கும் ஒரே கனம். நுனியில் கொக்கி இல்லை, அலங்காரச் சுழி இல்லை. மெல்லிய கோடு இல்லாத எழுத்து அச்சில் சீக்கிரம் முறியாது என்று சொல்லி முதலாளியிடம் அனுமதி வாங்கினார். முதலில் நோட்டீஸுக்கு ஆகிற பெரிய அளவு மட்டும் வெட்டுவது என்று முடிவாயிற்று. அதற்கே இரண்டு வருஷம் பிடித்தது.

அவர் வேலை செய்கிற முறையை இப்போதுள்ளவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். விரல் நீள எஃகுத் துண்டைத் தணலில் பழுக்கவைத்துச் சாம்பலில் புதைத்து ஆறவிடுவார். அப்போதுதான் அது அரத்துக்கு இணங்கும். முனையைக் கண்ணாடி போலத் தேய்த்து, அதில் எழுத்தை இடம் வலம் மாற்றிக் கீறுவார். எழுத்துக்குள் இருக்கிற வெற்றிடத்தை முதலில் குழித்துவிட்டு, வெளிப்பக்கத்தைப் பிறகு தேய்ப்பார். "உள்ள எடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் செவரு எழுப்பணும்" என்பார்.

பிறகு முனையை விளக்குச் சுடரில் காட்டிப் புகை ஏற்றி, ஈரத் தாளில் ஓர் அழுத்து. எழுத்து கருகருவென்று விழும். அந்தத் தாளைக் கொடியில் மாட்டிவிட்டு ஆசாரி பின்பக்கமாகவே நடப்பார். முதுகு தண்ணீர்த் தொட்டியில் இடிக்கும் வரை நடை. எத்தனையாவது அடியில் எழுத்து மங்குகிறது என்று நான் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. ஒருமுறை முதலாளியே வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். ஆசாரி அவர் காலை மிதித்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். எழுத்து திருப்தி என்றால் "ஆளு உக்காந்துட்டான்" என்பார். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. திருப்தி இல்லையென்றால் முளை மறுபடியும் அரத்துக்குப் போகும்.

தேறிய முளையைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவார். அதைச் செப்புத் துண்டில் அறைந்து பள்ளம் எடுப்பார். அந்தப் பள்ளத்தை வார்ப்புப் பெட்டியில் பொருத்தி, ஈயம், வெள்ளீயம், அஞ்சனக்கல் மூன்றும் சேர்ந்த குழம்பை ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கினால் எழுத்து வெளியே விழும். முளையை முக்குகிற தண்ணீர் ஆற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பார். காரணம் கேட்டேன். "கெணத்துத் தண்ணி உப்புல்லா" என்றார் ஒரு நாள். "ஆத்துக்குப் போனா ஒரு முங்கு போட்டுட்டு வரலாம்லா" என்றார் மறுநாள். இரண்டையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

எழுத்துகளை அவர் ஆட்களாகவே பேசுவார். 'க' நிமிர்ந்து நிற்கிறான், 'ழ' காலை நீட்டிக்கொண்டிருக்கிறான் என்கிற மாதிரி. 'ஞ' மட்டும் கடைசி வரை அவருக்கு வசப்படவில்லை. நாலு முளை வெட்டினார். "இந்தப் பய விருந்துச் சாப்பாடு சாப்பிட்டவன் மாதிரி வயித்தத் தள்ளிக்கிட்டே நிக்கான்" என்று நொந்துகொண்டு ஐந்தாவதை அப்படியே விட்டுவிட்டார்.

வார்ப்புப் பெட்டி பழையதாகவே இருந்தது. ஆகையால் புதிய எழுத்துக்கும் பழைய பெரிய எழுத்துக்கும் உயரம், அகலம், காடி எல்லாம் ஒன்றாகவே அமைந்தன. "புதுசுக்கு இன்னொரு காடி வெட்டிரலாமா?" என்று கேட்டேன்.

"ஏன் வே, உம்ம வெரலுக்கு ரெண்டும் வேற ஆளுன்னு தெரியாதா?"

தெரியும் என்றேன். கர்வம்தான்.

எழுத்து தயாரானது. யாருக்கும் பிடிக்கவில்லை. கோபுரத்தில் கலசம் இல்லாத மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். 'மொட்டை எழுத்து' என்று இன்னொருவர் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது. ஒரு ஜவுளிக் கடைக்காரரின் தீபாவளி நோட்டீஸை அதில் அடித்துக் கொடுத்தோம். அவர் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்.

"இது ஜவுளி நோட்டீஸா, கோர்ட்டு ஜப்தி நோட்டீஸா பிள்ளைவாள்? ஒட்டுன அன்னைக்கே என் சம்பந்தி பதறி ஓடியாறாரு, என்னத்தப் பறிகுடுத்தேருன்னு!"

ஆசாரி என் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனார். பழைய எழுத்து எத்தனை அடியில் மங்குகிறது, புதியது எத்தனை அடியில் மங்குகிறது என்று காட்டினார். முதலாளி அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவருக்குக் கிட்டப் பார்வையும் போதாது, தூரப் பார்வையும் போதாது. கண்ணாடி போட மாட்டார். "ஜனங்க என்ன, பின்னால நடந்துக்கிட்டா நோட்டீஸ் படிக்காவ?" என்று கேட்டுவிட்டு முடிவைச் சொன்னார். புராணப் புத்தகம் ஒன்று வருகிறது. அதற்கு ஈயம் வேண்டும். திருச்செந்தூர் மாசித் திருவிழா முடிந்த மறுநாள் மொட்டை எழுத்து முழுவதையும் உருக்கிவிட வேண்டும். முளைகளையும் பழுக்கக் காய்ச்சித் தேய்த்து வேறு எழுத்து வெட்ட வேண்டும்.

"அப்படின்னா நான் பாத்திரக் கடைக்கே போயிருதேன் முதலாளி" என்றார் ஆசாரி.

ஜவுளிக் கடை நோட்டீஸின் எழுத்துகளைப் பிரித்துப் போடுகிற வேலை எனக்கு. அன்று வெள்ளிக்கிழமை. ஆசாரி என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தேற்றுவதற்காக நான் பேசிக்கொண்டே இருந்தேன். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எதிரே இருந்தது பழைய எழுத்துப் பெட்டி. விரல் காடியைத் தடவியது. காடி ஒன்றும் ஆட்சேபம் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் வார்த்தையைப் படிப்போமே தவிர எழுத்தைப் பார்க்கிற வழக்கமே போய்விடும். அந்த எழுத்தைச் செய்தவரோ இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டீஸின் மொட்டை எழுத்து முழுவதும் பழைய எழுத்தோடு போய்க் கலந்தது.

மூன்று மாதம் கழித்துப் பாளையங்கோட்டை காசிம் ராவுத்தர் வந்தார். அப்போது திருச்செந்தூருக்கு ரயில் கிடையாது. திருவிழாவுக்கு அவருடைய குதிரை வண்டிகள் தினமும் போகும். "நோட்டீஸ் இன்னைக்கே வேணும். மொட்ட வேண்டாம், முடியுள்ளதாப் போடும்" என்று சொல்லிவிட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ மத்தியானம் களக்காட்டுக்குப் புறப்பட வேண்டும், தங்கை கல்யாணம். அவசரமாகக் கோத்து, இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடினேன். முதல் பிரதியை முதலாளியே கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, "சரியா இருக்கு, ஓட்டுங்க" என்றிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து திரும்பிய அன்று காலை ஆசாரி என்னைப் பார்த்து, "உம்ம கைவேலய வண்டிப்பேட்டைச் செவத்துல போயிப் பாப்போம், வாரும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் போனோம்.

சுவரைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஒரே வார்த்தைக்குள் ஓர் எழுத்து முடியோடும் ஓர் எழுத்து மொட்டையாகவும், தேர்த் திருவிழாக் கூட்டம் போல. பன்னிரண்டு வருஷப் பெயர் அந்தச் சுவரில் கிழிந்து தொங்கியது. "எல்லாரும் சிரிச்சிருப்பாவல்லா?" என்றேன்.

"சிரிச்சாவ. இன்னும் பத்து நாளுதான் இருக்கு, உருக்குததுக்கு. அதுக்கு முன்ன என் பயலுவ ஒரு தடவ ஊரப் பாத்துட்டானுவ. போகட்டும்" என்றார் ஆசாரி.

அப்போது சுவருக்குப் பத்தடி தள்ளி, குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் அம்மாள் என்று பிறகு தெரிந்தது. சுற்றி நாலைந்து பெண்கள், எழுத்துத் தெரியாதவர்கள், வண்டி எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுல யாரோ பாதிய அழிச்சிருக்காவ" என்றார் அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "மொதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் 'ரு' இருக்கு. ஒரு எடம் விட்டு 'செ' இருக்கு. கடைசியில 'ர்' இருக்கு. நடுவுல இருந்த எழுத்தெல்லாம் எங்க போச்சு?"

"அம்மா, 'திருச்செந்தூர்'னு எல்லா எழுத்தும் இருக்கே" என்றேன்.

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "அட, ஆமா!" பழைய இடத்துக்கு வந்தார். "இப்பக் காணோமே!"

ஆசாரி என் மணிக்கட்டைப் பிடித்தார். "எழுதும் வே. அம்மா சொல்லுதத அப்படியே எழுதும்."

எழுதினேன். அந்தப் பக்கம் இப்போதும் என் முன்னால் இருக்கிறது. அம்மாள் மேலிருந்து கீழே வரை தெரிந்த எழுத்தை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு நான் சுவர் அருகே போய் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். அவர் வாசித்தவை எல்லாம் மொட்டை. அவர் கண்ணில் படாதவை எல்லாம் முடியுள்ளவை. ஒன்றே ஒன்று விலக்கு: 'ஞாயிறு முதல்' என்பதில் இருந்த 'ஞ'. அது மொட்டைதான், ஆனால் அம்மாளுக்கு அது வெறும் கரும்புள்ளியாகத் தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

"அந்த வயித்துக்காரன் மட்டும் கவுத்துட்டான்" என்றார் ஆசாரி.

நேரே முதலாளியிடம் போனோம். நாட்குறிப்பைக் காட்டினோம். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா ஒரு எழுத்த மாத்திப் போடாத ஆளு, உருக்கப் போற சமயத்துல மாத்திட்டீராக்கும்? ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்ச வேலன்னு எனக்குத் தெரியாதா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் நான் காத்த ஒழுங்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நாட்குறிப்பில் 'ஞ' பற்றிய வரியில் விரலை வைத்தேன். பிறகு, "பேசி வச்சுச் செஞ்சிருந்தா இந்த 'ஞ' தெரியலன்னு எழுதியிருப்பனா முதலாளி?" என்றேன்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ராவுத்தர் வண்டி வாசலில் வந்து நின்றது. "பிள்ளைவாள், என்ன வே நோட்டீஸ் இது? ஊரே நின்னு சிரிக்கி. ஆறு மணிக்கா ஏழு மணிக்கான்னு ஆளாளுக்கு வந்து கேக்காவ. நீரே வந்து பாரும்" என்று முதலாளியைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தோம்.

வண்டிப்பேட்டையில் ஆசாரி முதலாளியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, "கொஞ்சம் பின்னால போங்க முதலாளி. பைய. இன்னும் ரெண்டு அடி" என்றார். முதலாளி பின்பக்கமாக நடந்து ராவுத்தரின் குதிரைமேல் முட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு எல்லாம் தெரியுது. 'காலை ஆறு மணிக்குப் புறப்படும்'" என்று வாசித்தார்.

"ஏழு" என்றார் ராவுத்தர்.

"என்னது?"

"ஏழு மணின்னு போட்டிருக்கு பிள்ளைவாள். நீரு செவத்தப் படிக்கல, மனசுல இருக்கதப் படிக்கீரு."

குதிரை கனைத்தது. சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளி ஓர் அடி முன்னால் வந்தார், கண்ணைக் கசக்கினார், மறுபடி ஓர் அடி பின்னால் போனார். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "'மணிக்கு' நல்லாத் தெரியுது. அது எந்த எழுத்து?"

"மொட்டை, முதலாளி."

"அந்த ஏழு?"

"பழசு."

முதலாளி வண்டியை நோக்கி நடந்தார். வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, "ஆசாரி, திருவிழா மறுநா அடுப்புப் பத்த வைக்காண்டாம்" என்றார். ராவுத்தரிடம், "முழுசும் மொட்டையில அடிச்சு இன்னைக்கே அனுப்புதேன்" என்றார்.

கலந்த பெட்டியைப் பிரிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. இந்த முறை கண்ணால் பார்த்துப் பிரித்தேன். ஆசாரி அவ்வப்போது வந்து, "நீரு வேணும்னுதான வே கலந்தீரு? எங்கிட்ட மட்டும் சொல்லும்" என்பார். இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். எஸ்தர் அம்மாள் வகுப்புச் சுவரில் மாட்ட எழுத்து அட்டைகள் கேட்டார். கடைசி வரிசைப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள் என்று மற்றப் பள்ளிக்கூடங்களும் கேட்டன. வெள்ளைக்கார ராஜா முடிசூடிய வருஷத்தில் சுவரொட்டிகள் எல்லாம் அதில்தான் போயின. தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் எழுத்து வார்த்து அனுப்பினோம். ஆசாரி சிறிய அளவுகளும் வெட்டினார். ஒருநாள் செய்தி வந்தது: எங்களிடம் ஒரு தொகுதி வாங்கிய சென்னை ஆள் ஒருவர், அதன்மேல் செம்பு ஏற்றிப் பள்ளம் எடுத்து, அதில் நம் எழுத்தையே வார்த்துத் தன்னுடையது என்று விற்கிறாராம். நான் கொதித்துப்போய்ச் சொன்னேன். ஆசாரி அரத்தைக் கீழே வைத்தார்.

"'ஞ'வையும் சேத்தா எடுத்துட்டுப் போனான்?"

"ஆமா, எல்லாத்தையும்தான்."

"நல்லா வேணும் அவனுக்கு" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வயிறு தள்ளிய ஞ-தான் சென்ற மாதம் கோமதிநாயகம் கொண்டுவந்த 'முற்றிலும் புதிய' தாளின் மூன்றாவது வரியில் நின்றுகொண்டிருந்தது.

ஆசாரி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. என் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பித்தளைச் செம்பு கொண்டுவந்தார். அதில் பரமசிவம் என்று என் பெயரை அவரே வெட்டியிருந்தார். ப மொட்டை, ர முடி, ம மொட்டை, சி முடி, வ மொட்டை, ம் முடி. "பாத்துப் பிரிச்சுப் போடும்" என்றார்.

அந்தச் செம்பு அடுக்களை அலமாரியில் இருக்கிறது. இதை எழுதி முடித்த இன்று காலை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதற்கு எதிரே நின்று பின்பக்கமாக நடந்தேன். "இது என்ன கோலம், காலங்காத்தால?" என்றாள் என் மனைவி. ஐந்தாவது அடியில் மூன்று எழுத்து போய்விட்டது. மற்ற மூன்றும், பதினோராவது அடியில் என் முதுகு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் இடிக்கும் வரை, உட்கார்ந்தே இருந்தன. நாட்குறிப்பில் எழுதிவிட்டேன்.